சுரங்க வாயில் சிக்கிய மீன்

"மீன் கிடைச்சிருச்சுங்கண்ணா" என்றாள் மருதாம்பாள்.

தேயிலைத் தொழிற்சாலையின் ஆபீஸ் அறையில் போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்த ராஜரத்தினத்தின் முகம் மலர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை அணைக்குள் இறங்கியது, மேலே வரவே இல்லை. இரண்டு நாளாக அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

"எங்க கிடைச்சுது? யாரு எடுத்தாங்க?"

"சந்தோசப்படாதீங்க. நான் சொல்றத மட்டும் கேளுங்க, பேசாதீங்க. பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?"

கிளார்க் மேஜையில் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

"ம்."

"பவர் ஹவுசுக்குத் தண்ணி போற சுரங்க வாய்ல, கம்பி அழியில மாட்டியிருந்துச்சாம். குப்பை வாருன ஆளுங்க எடுத்துருக்காங்க. உள்ள கடிகாரம், பேட்டரி, ஒயரு. குண்டுன்னு சொல்றாங்கண்ணா. இன்ஸ்பெக்டர் கோயமுத்தூருக்கு டிரங்க் கால் போட்டு நிபுணர் வேணும்னு கேட்டாரு. நாந்தான் லைன் குடுத்தேன்."

மருதாம்பாள் மஞ்சூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். இணைப்புக் கொடுத்த பிறகு காதை எடுத்துவிட வேண்டும் என்பது சட்டம். குண்டு என்ற சொல் காதில் விழுந்த பிறகு அவளால் எடுக்க முடியவில்லை.

"இன்னொன்னு" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "உள்ள சிங்கள எழுத்து இருக்குதாம். சிலோன்லேருந்து புதுசா வந்தவங்க யாராச்சும் எஸ்டேட் லைன் வீடுகள்ல இருக்காங்களான்னு மத்தியானத்துக்கு மேல ஊடு ஊடாப் பாக்கப் போறாங்க. நெல்சன் அண்ணன் பேக்கரிக்கு உடனே வந்துருங்க. வெச்சுடறேன்."

ராஜரத்தினம் போனை வைத்தான். கிளார்க் நிமிர்ந்தார்.

"என்னப்பா, ஊட்ல ஏதாவதா?"

"ஆமாங்க. அரை நாள் லீவு வேணும்."

முகத்தைப் பார்த்ததும் அவர் தலையாட்டி அனுப்பினார்.

வெளியே மஞ்சு, அடர்ந்த பனிமூட்டமாக, இறங்கியிருந்தது. தேயிலைக்கு நடுவே போகும் குறுக்குப் பாதையில் ராஜரத்தினம் ஏறக்குறைய ஓடினான். தன்னைப் பற்றி அவனுக்குப் பயம் இல்லை. அவன் இந்தியா இலங்கை அரசுகளின் ஒப்பந்தத்தில் முறையாக வந்தவன். கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, இந்த மலைக்கு அனுப்பப்பட்டுப் பத்து வருஷம் ஆகிறது. பயமெல்லாம் வீட்டுக்குள் இருக்கும் தம்பி வீரையாவைப் பற்றித்தான்.

வீரையா கப்பலில் வந்தவன் அல்ல. போன வருஷம் ஜூலைக் கலவரத்தில் வவுனியா பக்கத்துக் குடிசை எரிந்த பிறகு, மன்னாரிலிருந்து இயக்கப் பையன்கள் போன படகில் இடம் கேட்டு ஏறி வந்தவன். கரையில் இறங்கியதும் பையன்கள் ஒரு பக்கம் போனார்கள், இவன் ஒரு பக்கம் போனான். அகதி என்று பதிந்தால் எந்தப் படகு, யாரோடு வந்தாய் என்று கேட்பார்களே என்று பயந்து எங்கும் பதியவில்லை. அண்ணன் வீட்டில் ஒளிந்துவிட்டான். தேவாலாவிலிருந்து வந்த சொந்தக்காரப் பையன் என்றுதான் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், சொல்லி வைத்திருந்தார்கள்.

இப்போது சென்னை விமான நிலையத்தில் குண்டு வெடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இலங்கைப் பேச்சு பேசுகிறவன் டீக்கடையில் வாய் திறந்தாலே நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். பதியாத ஒருவன் கையில் கிடைத்தால் போலீஸ் என்ன செய்யும்? நினைத்ததும் ராஜரத்தினத்தின் கால் தேயிலை வேரில் தடுக்கியது.

*

நெல்சனின் பேக்கரிக்குப் பின்கட்டில், அடுப்புச் சூட்டில்தான் அந்த மீன் பிறந்தது.

நெல்சன் முன்பு கடற்படையில் சமையல்காரராக இருந்தவர். நீர்மூழ்கிக் கப்பலைத் துறைமுகத்தில் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி, உள்ளே கால் வைத்ததில்லை. ஆனால் ரொட்டி வாங்க வருகிறவர்களிடம் அதைப் பற்றிப் பேசாமல் விடமாட்டார். ஒருநாள் அவர் கடைச் சுவரில் தொங்கிய காலண்டர்ப் படத்தைக் காட்டி, "இதை நூத்துல ஒரு பங்கா சின்னதாக்கி, நெசமாவே முங்க வெச்சா எப்படி இருக்கும்?" என்றார். ரேடியோ ரிப்பேர் கடை ஹபீப் முகமது சிரித்தார். "மோட்டார் நான் தர்றேன், மத்தது யாரு?" என்று கேட்டார். பன் வாங்க நின்ற ராஜரத்தினம், தொழிற்சாலையில் பிட்டர் வேலை பார்க்கிறவன், "ஒடம்பு நான் செஞ்சு தாறேன்" என்றான். மருதாம்பாள் அளவெல்லாம் கணக்குப் போட்டுக் கொடுத்தாள்.

அப்படி ஆரம்பித்தது, அவர்கள் மீன் என்று கூப்பிட்ட அந்தக் குட்டி நீர்மூழ்கிக் கப்பல். மூன்றடி நீளம். தேயிலைப் பெட்டிப் பலகையில் வளையம் வெட்டி, அதன்மேல் துத்தநாகத் தகடு. மூக்குக்கும் வாலுக்கும் நெல்சனின் கேக் அச்சு. பெரிஸ்கோப்புக்குக் குடைக்கம்பி. வயிற்றுக்குள் டேப் ரிக்கார்டர் மோட்டாரும் ஒரு அலாரக் கடிகாரமும். வயிற்றுக்குக் கீழே கொக்கியில் ஒரு ஈயக்கட்டி தொங்கும். ஈயத்தோடு சேர்ந்தால் மீன் தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம், மெல்ல முங்கும். அலாரம் அடிக்கும் நேரத்தில் கடிகாரத்தின் பின்பக்கச் சாவி சுழன்று கொக்கியைத் திருப்பும். ஈயம் கழன்று விழும், மீன் மேலே வரும்.

தொழிற்சாலைத் தொட்டியில் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. அணையில்தான் வரவில்லை.

ராஜரத்தினம் பேக்கரிக்குள் நுழைந்தபோது நெல்சன் கையில் மாவோடு நின்றார். ஹபீப் முகமது ஸ்டூலில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார்.

"சிங்கள எழுத்து எப்படிய்யா உள்ள வந்துச்சு?" என்றார் ஹபீப். "என் மோட்டார்ல ஜப்பான் எழுத்துதான இருக்கு?"

"பேட்டரி டப்பா" என்றான் ராஜரத்தினம். "பிஸ்கட் டின்னுல வெட்டினது. அந்தத் தகடுதான் ஈயப்பத்து நல்லாப் பிடிச்சுது."

"உங்கூட்ல பழைய சிலோன் டின் இருக்கறது தப்பில்லையேப்பா" என்றார் நெல்சன். "நேராப் போய்ச் சொல்லிருவோம். நான் கடற்படை ஆளு. என் பேச்சைக் கேப்பாங்க."

"கடற்படைல வெங்காயம் உரிச்சேன்னு சொல்லுவீங்களா?" என்றார் ஹபீப்.

"வெங்காயமும் கடற்படைதான்யா."

ராஜரத்தினம் சிரிக்கவில்லை. "பழைய டின் இல்லண்ணே. அதுல வருஷம் அடிச்சிருக்கு. எம்பத்தி மூணு."

இருவரும் அவனைப் பார்த்தார்கள்.

"நான் வந்தது எழுபத்தி நாலு" என்றான். பிறகு, இத்தனை மாதம் நண்பர்களிடமும் மறைத்ததைச் சொன்னான். வீட்டில் இருப்பது தேவாலாப் பையன் அல்ல, கூடப் பிறந்த தம்பி. படகில் அவன் கொண்டுவந்தது அந்த டின் ஒன்றுதான். எழுத்து யார் கண்ணிலும் படக்கூடாது என்று, ராஜரத்தினம்தான் எழுத்துப் பக்கத்தை உள்ளே திருப்பி டப்பா மடித்தான்.

"வெளிய விட்டிருந்தா?" என்றார் ஹபீப் மெதுவாக.

"வெளிய விட்டிருந்தா மேல பெயிண்ட் அடிச்சிருப்போம் பாய். மறைஞ்சிருக்கும்."

அடுப்பில் ஏதோ கருகும் வாசனை வந்தது. நெல்சன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வீரையாவை இப்பவே எங்கயாச்சும் அனுப்பிடு" என்றார்.

"பஸ்ஸுல செக்கிங் இருக்கும். அவன் வாயத் தொறந்தா பேச்சே காட்டிக்குடுத்துரும்."

"அப்ப லைனுக்கு அவங்க போறதுக்கு முன்னாடி நாம அணைக்குப் போயிடணும்" என்றார் ஹபீப். எழுந்து நின்றுவிட்டார். ஆனால் கால் நகரவில்லை. "என் பேரக் கேட்டதும் வேற மாதிரி பாப்பாங்க. கடையில ஒயரும் பேட்டரியுமா குவிஞ்சு கிடக்கு. தெரியும்ல?"

"நீங்க வரவேணாம் பாய்."

"வரமாட்டேன்னு சொன்னேனா? பயமா இருக்குன்னு சொன்னேன்." அவர் புது பேட்டரிகளைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார். "பொம்மைதான்னு காட்டிட்டா தேடறத நிறுத்திருவாங்க. வாங்க போவோம், எனக்கு யோசனை மாறறதுக்குள்ள."

*

அணைக்கட்டின் மேல் ஜீப் நின்றது. மணல் மூட்டைகளை வட்டமாக அடுக்கி, அதன் நடுவே மீனைக் கிடத்தியிருந்தார்கள். கறுப்புப் பெயிண்ட் ஒரு பக்கம் உரிந்திருந்தது. அணை வேலையாள் ஒருவர் போலீஸ் வருமுன்னே துணிந்து திருகாணிகளைக் கழற்றிவிட்டாராம். மூடி பக்கத்தில் கிடந்தது.

மூவரும் நெருங்கியதும் துப்பாக்கி வைத்திருந்த காவலர் மனுவேல் வழிமறித்தார். அவர் நெல்சனிடம் தினம் ரொட்டி வாங்குகிறவர். இன்று தெரிந்தவர் போலக் காட்டிக்கொள்ளவில்லை.

"சார், அது எங்களோடது" என்றார் நெல்சன்.

இன்ஸ்பெக்டர் தங்கவேலு திரும்பினார். உயரமான ஆள், மப்ளர் சுற்றியிருந்தார். அவர் சத்தம் போடவில்லை. அதுவே ராஜரத்தினத்துக்கு இன்னும் கலக்கமாக இருந்தது.

"எது உங்களோடது?"

"நீர்மூழ்கிக் கப்பல் சார். மாடல். பொழுதுபோக்குக்குச் செஞ்சோம்."

"பொழுதுபோக்கு" என்றார் அவர். "கரண்டு உற்பத்தி பண்ற அணையில, கடிகாரம் வெச்ச ஒரு குழாய விட்டுட்டு, பொழுதுபோக்குன்னு சொல்றீங்க. பேரு?"

"நெல்சன்."

"நீ?"

"ஹபீப் முகமதுங்க. ரேடியோ கடை."

இன்ஸ்பெக்டரின் பார்வை அவர்மேல் சற்று அதிகமாகவே நின்றது. பிறகு ராஜரத்தினத்திடம் வந்தது.

"ராஜரத்தினம். எஸ்டேட் தொழிற்சாலைல பிட்டருங்க."

"சிலோனா?"

"ஒப்பந்தத்துல வந்தவனுங்க. எழுபத்தி நாலுல."

இன்ஸ்பெக்டர் மீனைக் காலால் லேசாகத் தட்டினார். "முங்கி எந்திரிக்கும்னு சொல்றீங்க. ஏன் எந்திரிக்கல?"

மூவரும் கிடந்த மீனைக் குனிந்து பார்த்தார்கள்.

"சரி. கோயமுத்தூர் ஆளு சாயங்காலம் வர்றாரு. அதுக்குள்ள எம் முன்னாடி முங்கி எந்திரிச்சுக் காட்டினா பொம்மைன்னு ஒத்துக்கறேன். எந்திரிக்கலைன்னா மூணு பேரும் ஜீப்புல ஏறுங்க. பொறவு லைன்ல போயி மத்ததப் பாக்கறேன்."

ராஜரத்தினம் மணல் மூட்டைகளுக்கு நடுவே மண்டியிட்டான். கைவிரல் விறைத்திருந்தது. முதலில் வயிற்றுக்குள் பார்த்தான். ஒரு சொட்டு நீர் போகவில்லை. கடிகாரம் நின்றிருந்தது, ஆனால் சாவி கொடுத்ததும் ஓடியது. அப்படியானால் அலாரம் அடித்திருக்கிறது. கொக்கி ஏன் திரும்பவில்லை?

கொக்கியின் அச்சைக் கையால் திருப்பினான். அசையவில்லை. இன்னும் பலமாகத் திருப்பினான். மெழுகுக்குள் சிக்கியது போல இறுகிக் கிடந்தது. ஆணி ஒன்றை எடுத்து, அச்சு வெளியே வரும் துளையைக் குடைந்தான். மஞ்சள் நிறத்தில், கட்டியாக, சோப்புச் சீவல் போல உதிர்ந்தது கிரீஸ்.

அவனுக்குப் புரிந்தது. தண்ணீர் உள்ளே போகக்கூடாது என்று துளையைச் சுற்றி கிரீஸ் அடைத்தது அவன்தான். தொழிற்சாலையில் கைக்கு எட்டியது டிரையர் கிரீஸ், இலை காய வைக்கும் அடுப்பின் சக்கரத்துக்குப் போடுவது. எந்தச் சூட்டிலும் உருகி ஓடாது என்று அதைத்தான் நம்பினான். சோதித்துப் பார்த்த தொட்டியும் அந்த டிரையரை ஒட்டியே இருந்தது, தண்ணீர் எப்போதும் வெதுவெதுப்பு. சூட்டில் இளகாத கிரீஸ் அணையின் குளிரில் கல்லாகிவிடும் என்று, நாள் முழுக்க டிரையருக்குப் பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தோன்றவில்லை.

"எண்ணெய் வேணும்" என்றான். "லேசான எண்ணெய்."

"ஜீப்புல தேங்காயெண்ணெய் இருக்கும், டிரைவர் தலைக்கு வெச்சிருப்பான்" என்றார் நெல்சன்.

"இந்தக் குளிர்ல அது பாட்டில்லயே உறைஞ்சிருக்கும்ணே."

மனுவேல் தயங்கினார். இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். பிறகு இடுப்புப் பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து நீட்டினார். துப்பாக்கிக்குப் போடும் எண்ணெய்.

"திருப்பிக் குடுத்துரணும். கணக்கு இருக்கு" என்றார்.

ராஜரத்தினம் பழைய கிரீஸை முழுக்கக் குடைந்து எடுத்தான். நூலை எண்ணெயில் தோய்த்துத் துளையைச் சுற்றி இறுக்கினான். அச்சு விரலுக்குச் சுலபமாகச் சுழன்றது. இந்த நூல் நீரைத் தாங்குமா என்பது அவனுக்குத் தெரியாது. ஹபீப் பேட்டரி மாற்றினார். கை நழுவி ஒன்று உருண்டு இன்ஸ்பெக்டரின் பூட்ஸில் முட்டியது. இன்ஸ்பெக்டர் குனிந்து எடுத்துக் கொடுத்தார். ராஜரத்தினம் மூடியை வைத்துத் திருகாணிகளை இறுக்கினான்.

"ஒரு கயிறு கட்டிக்கலாமா?" என்று ஹபீப் கிசுகிசுத்தார்.

"கட்டினா இழுத்துட்டோம்னு சொல்வாங்க பாய்."

சுரங்க வாயின் கதவை அடைக்கச் சொல்லியிருந்தார்கள். தண்ணீர் அசையாமல் கிடந்தது. ராஜரத்தினம் மீனைக் கைக்குழந்தையை இறக்குவது போல இறக்கினான். மோட்டார் மெல்ல முனகியது. அது முன்னே நகர்ந்து, மூக்கைத் தாழ்த்தி, குடைக்கம்பி மட்டும் தெரிய ஊர்ந்து, பிறகு அதுவும் மறைந்தது.

அலாரம் ஐந்து நிமிஷத்துக்கு வைத்திருந்தான்.

இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எதிர்க்கரை மஞ்சுக்குள் மறைந்துகொண்டிருந்தது. நெல்சன் உதட்டுக்குள் ஜெபம் செய்தார். ஹபீபின் உதடும் அசைந்தது. ராஜரத்தினத்துக்கு எந்தச் சாமி பெயரும் வரவில்லை. லயத்தில், கதவுக்குப் பின்னால், ஜீப் சத்தம் கேட்கிறதா என்று காது வைத்து உட்கார்ந்திருக்கும் வீரையாவின் முகம்தான் வந்தது.

"ஆச்சு" என்றார் இன்ஸ்பெக்டர்.

தண்ணீர் அசையவில்லை.

"கொஞ்சம் பொறுங்க சார்" என்றார் நெல்சன். "ஆழத்துலேருந்து வரணும்ல."

இன்ஸ்பெக்டர் ஜீப் பக்கம் தலையை அசைத்தார். மனுவேல் துப்பாக்கியைத் தோளில் மாற்றிக்கொண்டு ஒரு அடி முன்னே வைத்தார். அப்போது அவர்கள் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் அல்ல, கரையை ஒட்டி, வெகுவாக இடதுபுறம் தள்ளி, கறுப்பாக ஒன்று புரண்டு மேலே வந்து மிதந்தது.

ஹபீப் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மனுவேல் தன்னையறியாமல் கைதட்டிவிட்டு, உடனே நிறுத்திக்கொண்டார்.

*

மீனை எடுத்து வந்து இன்ஸ்பெக்டர் காலடியில் வைத்தார்கள். அவர் குந்தி உட்கார்ந்து, மூடியைத் தாமே கழற்றி, பேட்டரி டப்பாவை வெளியே எடுத்தார். பேட்டரிகளைக் கொட்டிவிட்டு அதன் உள்பக்கத்தைக் காட்டினார்.

"இது பொம்மைதான். ஒத்துக்கறேன். ஆனா இது எம்பத்தி மூணு. நீ எழுபத்தி நாலுல வந்துட்ட. இந்த டின்ன யாரு கொண்டாந்தது?"

"தூத்துக்குடி துறைமுகத்துல பழைய கூட்டாளி குடுத்தது சார்" என்றார் நெல்சன்.

அதே நொடியில், "ஊட்டி மார்க்கெட்டுல நான் வாங்கினதுங்க" என்றார் ஹபீப்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை.

"ஊட்டி மார்க்கெட்டுல எந்தக் கடை?"

ஹபீப் தொப்பியைக் கழற்றினார்.

"சரி, உங் கடையத் தொறந்து பாக்கலாம். அங்க இன்னும் என்னென்ன வாங்கி வெச்சிருக்கேன்னு."

அப்போதும் ஹபீப் ராஜரத்தினத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அதுவே சாட்சியாகிவிடும் என்று கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தார்.

அதைத்தான் ராஜரத்தினத்தால் தாங்க முடியவில்லை.

"எந் தம்பிங்க" என்றான். "வீரையான்னு பேரு. போன வருஷம் படகுல வந்தான். பதியல. எங்கூட்லதான் இருக்கான். இவங்களுக்கு இன்னைக்குக் காலைல வரைக்கும் தெரியாது."

"படகு யாரோடது?"

"இயக்கப் பையங்க வந்த படகு. ஏத்திக்கிட்டாங்க. அவங்களுக்கும் இவனுக்கும் வேற ஒண்ணும் இல்லைங்க ஐயா. குடிசை எரிஞ்சுருச்சு. கடல்ல விழுறதா, படகுல ஏறுறதான்னு நின்னான். ஏறிட்டான்."

இன்ஸ்பெக்டர் அந்த டப்பாவை மீனுக்குள் திரும்ப வைத்தார்.

"நான் ஜீப்ப எடுத்துட்டு வந்து அவனப் பிடிச்சா, அது ஒரு கேசு. அவனா வந்து ஸ்டேஷன்ல நின்னா, அகதின்னு எழுதி மண்டபத்துக்கு அனுப்பலாம். இருட்டறதுக்குள்ள கூட்டிட்டு வா." அவர் எழுந்தார். "அது வரைக்கும் இவங்க ரெண்டு பேரும் ஸ்டேஷன்ல இருக்கட்டும். நீ வரலைன்னா இவங்க வீட்டுக்குப் போகமாட்டாங்க."

*

வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே மனைவி தெய்வம்மா மட்டும் நின்றாள்.

"போலீசு லயத்துக்கு வருதுன்னு மளிகைக் கடைக்காரரு சொல்லிட்டுப் போனாரு. அதக் கேட்டதும் பின்பக்கமா எறங்கி ஓடிட்டான். செருப்பு கூடப் போடல."

"எந்தப் பக்கம்?"

அவள் தேயிலைச் சரிவைக் காட்டினாள். அதற்கு அந்தப் பக்கம் சோலைக்காடு. அதற்குள் போய்விட்டால் விடியும் வரை தேடினாலும் கிடைக்க மாட்டான்.

ராஜரத்தினம் சரிவில் இறங்கினான். மஞ்சு முன்னால் நாலு செடிக்குமேல் காட்டவில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிடவும் பயம், யாராவது கேட்டுவிட்டால்? அட்டை கடித்து ரத்தம் வழிவது தெரியாமல் நடந்தான். இலை நிறுக்கும் கொட்டகை பக்கத்தில் ஈர மண்ணில் வெறுங்கால் தடம் தெரிந்தது. உள்ளே, கூடைகளுக்குப் பின்னால், முழங்காலைக் கட்டிக்கொண்டு வீரையா உட்கார்ந்திருந்தான்.

"தனியாத்தான் வந்தியாண்ணே?"

"தனியாத்தான்."

"போயிட்டாங்களா?"

"இல்ல. நான் சொல்லிட்டேன்டா."

வீரையா சுவரோடு ஒட்டிக்கொண்டான். கொட்டகை வாசலைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான். அவன் பாய்ந்து ஓடப் போகிறான் என்று ராஜரத்தினத்துக்குத் தெரிந்தது. தடுக்கக் கை நீட்டவில்லை.

"ஏண்ணே?"

"டின்னுல வருஷம் இருந்துச்சு. பாயோட கடையத் தொறக்கப் போனாங்க. அந்த மனுசன் எம் பேரச் சொல்லாம நின்னாரு. இப்ப அவரும் நெல்சனண்ணனும் ஸ்டேஷன்ல இருக்காங்க. நீ வந்தாத்தான் விடுவாங்க. பேர எழுதி, முகாமுக்கு அனுப்புவேன்னு சொல்றாரு."

"பேரு எழுதத்தான் பக்கத்து வீட்டுச் செல்லையாவையும் கூட்டிக்கிட்டுப் போனாங்க" என்றான் வீரையா. குரல் சின்னப் பிள்ளை குரல் போல இருந்தது. "வவுனியாவுல. ஆமிக்காரன் நல்லாத்தான் பேசுனான். பேர எழுதிட்டு வந்துறலாம்னு சொன்னான். அவன் அம்மா சோறு மூடி வச்சிருந்துச்சு. வரவே இல்ல."

இது வேற ஊரு, இங்க அப்படி நடக்காது என்று சொல்ல ராஜரத்தினத்துக்கு வாய் வந்தது. சொல்லவில்லை.

"எனக்குத் தெரியலடா. அந்த ஆளு சொன்ன சொல்லக் காப்பாத்துவாரான்னு எனக்குத் தெரியல. சத்தியம் பண்ணிக் குடுக்க மாட்டேன். நீ காட்டுக்குள்ள போறதுன்னா போ. நான் பார்க்கலன்னு சொல்லிக்கிறேன்."

"அப்ப அவங்க?"

ராஜரத்தினம் வாசலை விட்டு விலகி நின்றான்.

வெளியே மஞ்சுக்குள் எங்கோ ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வளைவு திரும்பியது. வீரையா கண்ணை மூடினான். பிறகு கூடையைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

"ரொட்டிக்கடைக்காரரு எனக்குத் தெனமும் ஒரு பன் சும்மா குடுப்பாரு" என்றான். "யாருன்னே தெரியாம குடுத்தாரு."

இருவரும் இறங்கினார்கள். வழி முழுக்க வீரையா அண்ணனின் சட்டை நுனியைப் பிடித்திருந்தான். மஞ்சூர்க் கடைவீதியில் விளக்கு ஏற்றும் நேரம். தெரிந்தவர்கள் யாரும் பேச்சுக் கொடுக்கவில்லை.

ஸ்டேஷன் பெஞ்சில் நெல்சனும் ஹபீபும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். வீரையாவைக் கண்டதும் ஹபீப் எழுந்து நின்றார். "வா தம்பி" என்றார்.

இன்ஸ்பெக்டர் கேட்டார், வீரையா சொன்னான், ஒரு ஏட்டு எழுதினார். எந்த ஊர், எந்தப் படகு, எங்கே இறங்கினாய். படகைப் பற்றிய கேள்வி மட்டும் மூன்று விதமாக வந்தது. மூன்றுக்கும் வீரையா ஒரே பதிலைச் சொன்னான். ஒவ்வொரு தடவையும் குரல் உடைந்தது. கடைசியில் விரல் ரேகை எடுத்தார்கள்.

"காலைல முதல் பஸ்ஸு" என்றார் இன்ஸ்பெக்டர். "ஏட்டு கூட வருவாரு. மண்டபத்துல விசாரிப்பாங்க. எத்தன நாள்னு எனக்குத் தெரியாது. அவங்க சரின்னு விட்டா அகதி முகாம்ல இருக்கலாம், அண்ணன் ஊட்டுக்கு வர மனு குடுக்கலாம். சரியில்லைன்னா…" என்று நிறுத்தி, நெல்சனையும் ஹபீபையும் பார்த்தார். "நீங்க போங்க. அந்தப் பொம்மை இங்கயே இருக்கட்டும்."

அவர்கள் போகவில்லை. நெல்சன் போய் ரொட்டி கொண்டுவந்தார். ஹபீப் பிளாஸ்கில் டீ கொண்டுவந்தார். எக்ஸ்சேஞ்ச் வேலை முடிந்து வந்த மருதாம்பாள், தெய்வம்மா கொடுத்தனுப்பிய சட்டையையும் செருப்பையும் வீரையாவின் பக்கத்தில் வைத்தாள்.

"போட்டுக்க சாமி, கால் சில்லுனு ஆயிரும்" என்றாள்.

காலையில் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஏட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். பக்கத்தில் வீரையாவை உட்கார வைத்தார். விலங்கு போடவில்லை. ஆனால் ஏட்டின் கை அவன் மணிக்கட்டின் மேலேயே இருந்தது. பஸ் கிளம்பும்போது ராஜரத்தினம் படியில் கால் வைத்து ஏறினான்.

"நீ எங்கய்யா?" என்றார் ஏட்டு.

"மண்டபத்துக்குங்க."

"தொழிற்சாலைல லீவு சொன்னியா?"

"சொல்லல."

"வேலை போயிருமேய்யா. லைன் ஊடும் போயிருமே."

"போனாப் போகட்டுங்க" என்றான் ராஜரத்தினம். அவன் முகத்திலும் பயம்தான் இருந்தது.

ஏட்டு வீரையாவின் மணிக்கட்டிலிருந்து கையை எடுத்து, ஜன்னலோரம் இன்னும் நெருங்கி உட்கார்ந்து, சீட்டில் மூன்றாவது ஆளுக்கு இடம் விட்டார்.